தினியா: எட்ருஸ்கர்களின் வானக் கடவுளும் அவருடைய மூன்று இடிகளும்

இயற்கை நிகழ்வுகளைக் குறித்துக் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியச் சிந்தனையாளர் செனக்கா, இடியையும் மின்னலையும் ஆராயும் பகுதியில், எட்ருஸ்கர்களுக்கும் தம்மைப் போன்றோருக்கும் உள்ள கருத்து வேறுபாட்டை இரண்டே வரிகளில் சொல்லிவிடுகிறார். மேகங்கள் மோதிக்கொள்வதால் மின்னல் பிறக்கிறது என்று நாம் நினைக்கிறோம். மின்னல் பிறக்க வேண்டும் என்பதற்காகவே மேகங்கள் மோதுகின்றன என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பது அவர் கூற்றின் சாரம். எட்ருஸ்கர் சமயத்தில் வானத்தில் நடக்கும் எதுவும் வெறுமனே நடப்பதில்லை. அங்கிருந்து ஒரு செய்தி வருகிறது. அதை அனுப்புபவர் பெரும்பாலும் தினியா.

இன்றைய டஸ்கனி, லாட்சியோவின் வடபகுதி, உம்பிரியாவின் மேற்குப் பகுதி ஆகியவற்றை மையமாகக் கொண்டு, ரோம் தலையெடுப்பதற்கு முன்பே நகரங்களைக் கட்டி ஆண்டவர்கள் எட்ருஸ்கர்கள். அவர்களுடைய மொழி இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆகவே கிரேக்கர்களின் சியூஸ், ரோமானியர்களின் ஜூப்பிட்டர், வேதத்தின் தியௌஸ் ஆகிய மூவரையும் ஒரே வேரில் கொண்டுபோய்ச் சேர்க்கும் மொழியியல் உறவில் தினியாவுக்கு இடமில்லை. பிற்காலத்தில் அவர் சியூசின் உருவத்தை ஏற்றுக்கொண்டார் என்பது உண்மைதான். ஆனால் அவருடைய அதிகாரம் இயங்கும் முறை சியூசுடையதைப் போன்றதன்று. அந்த முறையைப் புரிந்துகொள்வதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. எட்ருஸ்கர்களின் சமய நூல்கள் ஏறத்தாழ முழுவதுமாக அழிந்துவிட்டன. கல்வெட்டுகள், வெண்கலக் கண்ணாடிகளின் பின்புறச் சித்திரங்கள், கோயில் இடிபாடுகள் ஆகியவை ஒரு பக்கமும், லத்தீன், கிரேக்க எழுத்தாளர்கள் தங்கள் நோக்கில் எழுதிவைத்த குறிப்புகள் மறுபக்கமுமாக நம்மிடம் இருக்கின்றன. ரோமானியர்கள் அவரை ஜூப்பிட்டர் என்றே எழுதுவதால், அவர்கள் சொல்வதில் எந்த அளவு எட்ருஸ்கர் கருத்து, எந்த அளவு ரோமானியர் கருத்து என்பதை ஒவ்வோர் இடத்திலும் எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் உருவத்தைப் பார்க்கலாம். கல்லறைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் கிடைத்த வெண்கலக் கண்ணாடிகளில், கடவுளரின் பெயர்களைப் பக்கத்திலேயே பொறித்துவைக்கும் நல்ல வழக்கம் எட்ருஸ்கக் கைவினைஞர்களிடம் இருந்தது. அவற்றில் தினியா சில சமயம் தாடியுடன் அரியணையில் வீற்றிருக்கிறார். சில சமயம் தாடியில்லா இளைஞராக நிற்கிறார். கையில் இடி இருக்கும்; செங்கோலும் இருப்பதுண்டு. அவருடைய துணைவி உனி. ரோமானியர்களின் ஜூனோவுக்கும் கிரேக்கர்களின் ஹீராவுக்கும் நிகரானவள். போலோன்யா அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கண்ணாடியில், தினியாவின் தலையிலிருந்து, கிரேக்கர்களின் அதீனாவுக்கு நிகரான மென்ர்வா ஆயுதம் தரித்தவளாக வெளிப்படுகிறாள். தலையைப் பிளந்த கோடரியுடன் கொல்லர் கடவுளான செத்லான்ஸ் ஒருபுறம் நிற்க, தால்னா, தான்ர் என்னும் இரு பெண் தெய்வங்கள் பேறுகாலத்துக்கு உதவும் பெண்களைப் போலத் தினியாவைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கதை கிரேக்கர்களுடையது, ஆனால் தால்னாவும் தான்ரும் கிரேக்கக் கதையில் இல்லாதவர்கள். கடவுளே ஆனாலும் பிள்ளை பெறும் வேளையில் பக்கத்தில் பெண்கள் இருந்தாக வேண்டும் என்று எட்ருஸ்கக் கலைஞர் நினைத்திருக்கிறார்.

கதைகள் இப்படி இடம் மாறி வரும்போது குடும்ப உறவுகளும் மாறிவிடுகின்றன. கிரேக்கக் கதையில் ஹெராக்ளீசைக் கொல்லத் துடிப்பவள் ஹீரா. வோல்டெர்ராவில் கிடைத்து இப்போது ஃபுளோரன்சில் உள்ள கண்ணாடியிலோ, தாடி வைத்த முழு ஆணான ஹெர்க்ளே உனியின் மார்பில் பால் அருந்துகிறான். அவன் உனியின் மகனானது எப்படி என்பதை இந்தப் படம் காட்டுகிறது என்ற பொருளில் அதே கண்ணாடியில் ஒரு பலகையில் எழுதிக் காட்டப்பட்டிருக்கிறது. மாற்றாந்தாயின் பகை இங்கே சட்டபூர்வமான மகன் ஏற்பாக மாறிவிடுகிறது.

தார்க்வினியாவில் கிடைத்த ஒரு குவளை இன்னும் சுவையானது. ஏதென்சைச் சேர்ந்த ஓல்ட்டோஸ் என்ற ஓவியர் கி.மு. 510ஐ ஒட்டிய காலத்தில் தீட்டிய அந்தக் குவளையில், ஒலிம்பஸ் மலையில் சியூசைச் சூழ்ந்து கடவுளர் அமர்ந்திருக்கின்றனர். அதை வாங்கிய வெனெல் அதெலினாஸ் என்ற எட்ருஸ்கர், 'தினியாவின் புதல்வர்களுக்கு' அதைக் காணிக்கையாக்குவதாகத் தம் மொழியில் அடிப்பாகத்தில் பொறித்துவைத்தார். காஸ்டர், பொலக்ஸ் என்று ரோமானியர்கள் அழைத்த இரட்டையர்களே அந்தப் புதல்வர்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே, சியூசின் படத்தைப் பார்த்துத் தினியா என்று படிப்பது ஒரு தார்க்வினியாக்காரருக்கு இயல்பாகிவிட்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

இதுவரை சொன்னவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் தினியாவைச் சியூசின் உள்ளூர்ப் பதிப்பு என்று முடித்துவிடலாம். பழைய கையேடுகள் பல அப்படித்தான் முடித்தன. அந்த முடிவு பொருந்தாமல் போவது இடியைப் பற்றிய கோட்பாட்டுக்கு வரும்போதுதான். கிரேக்கர்களின் சியூஸ் கோபம் வந்தால் இடியை எறிகிறார். அவரைத் தட்டிக்கேட்க ஆளில்லை. எட்ருஸ்கர்களின் கோட்பாட்டைச் செனக்கா விவரிக்கும் விதமே வேறு. அவருக்கு ஆதாரமாக இருந்தவர்களில் முக்கியமானவர், வோல்டெர்ராவின் எட்ருஸ்கக் குடும்பமொன்றில் பிறந்து, தந்தையிடமே இக்கலையைக் கற்று, ரோமானிய அரசியல்வாதியும் சொற்பொழிவாளருமான சிசரோவின் நண்பராகவும் இருந்த ஔலுஸ் கைக்கினா. அவர்கள் கணக்கில் வானக் கடவுளிடம் மூன்று வகை இடிகள் உள்ளன. முதல் இடியை அவர் தம் விருப்பப்படியே அனுப்பலாம். அது எச்சரிக்கை மட்டும் செய்யும், ஊறு செய்யாது. இரண்டாவதை அனுப்ப வேண்டுமானால் பன்னிரண்டு கடவுளர் கொண்ட அவையைக் கூட்டி அவர்களுடைய ஆலோசனையைக் கேட்க வேண்டும். அந்த இடி ஓரளவு நன்மை செய்யும், ஆனால் சேதமில்லாமல் செய்யாது. மூன்றாவது இடி விழுந்த இடத்தை அழிக்கும். தனிமனிதருடைய நிலையையும் நாட்டின் நிலையையும் புரட்டிப்போட்டுவிடும். அதை அனுப்பப் பன்னிருவரின் ஆலோசனை போதாது. அவர்களுக்கும் மேலே, முகத்தை மூடிக்கொண்டவர்கள் என்று வருணிக்கப்படும் உயர்நிலைக் கடவுளரின் இசைவு வேண்டும்.

அந்த மூடிய முகத்தினர் யார், எத்தனை பேர் என்பதற்கு விடையில்லை. பன்னிருவர் அவையைப் பற்றிக்கூட, ஆறு ஆண்கள், ஆறு பெண்கள், பெயர் அறியப்படாதவர்கள், இரக்கமற்றவர்கள் என்பதற்கு மேல் லத்தீன் எழுத்தாளர்கள் சொல்வதில்லை. ஊழின் உருவங்களே இவர்கள் என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. ஏனெனில் எட்ருஸ்கர்கள் தங்கள் இனத்துக்கே இத்தனை யுகங்கள்தான் என்ற வரம்பு விதிக்கப்பட்டிருப்பதாக நம்பியவர்கள். கி.மு. 88இல் தெளிந்த வானத்திலிருந்து எக்காளம் போன்ற நெடிய ஒலி கேட்டபோது, ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று எட்ருஸ்க அறிஞர்கள் விளக்கம் சொன்னதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அந்த வரம்பை மீற வானத்தின் தலைவருக்கும் அதிகாரமில்லை. செனக்கா இந்தக் கோட்பாட்டை நம்பவில்லை. ஆனால் தீங்கு செய்யும் அதிகாரத்தைத் தனியொருவர் முடிவில் செலுத்தக் கூடாது என்று அரசர்களுக்கு உணர்த்தவே முன்னோர் இப்படிச் சொல்லிவைத்தனர் என்று அதற்கு ஓர் அரசியல் விளக்கம் கொடுத்தார். பேரரசர் நீரோவின் அரசவையில் ஆலோசகராக இருந்தவர் எழுதிய வரிகள் என்பதை நினைத்துப் படித்தால் அந்த விளக்கத்தின் கூர்மை புரியும்.

இடியெறியும் உரிமையும் தினியாவுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. எட்ருஸ்க நூல்களின்படி ஒன்பது கடவுளர் இடி எறிவதாகவும், இடிகள் மொத்தம் பதினொரு வகை என்றும், அவற்றில் மூன்று ஜூப்பிட்டருடையவை என்றும் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி குறிக்கிறார். ரோமானியர்கள் இத்தனை நுணுக்கத்தைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. பகலில் விழும் இடி ஜூப்பிட்டருடையது, இரவில் விழுவது சும்மானுஸ் என்ற கடவுளுடையது என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எந்த இடி யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காகத்தான் எட்ருஸ்கர்கள் வானத்தைப் பங்கிட்டு வைத்திருந்தார்கள். நான்கு திசைகளையும் இரண்டிரண்டாகப் பிரித்து எட்டாக்கி, மீண்டும் பிரித்துப் பதினாறு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றிலும் இன்னின்ன கடவுளர் குடியிருக்கின்றனர் என்று வரையறுத்தார்கள். தெற்கு நோக்கி நிற்பவருக்கு இடப்பக்கம் கிழக்கு. அப்பக்கத்து அறிகுறிகள் நல்லவை. வடகிழக்கு மிக மங்கலமானது; வடமேற்கு மிகக் கொடியது. மின்னல் எந்தப் பகுதியில் புறப்பட்டது, எங்கே விழுந்தது, எந்தப் பக்கம் திரும்பியது என்பதைக் கவனித்து, அனுப்பிய கடவுளையும் அவர் கருத்தையும் முடிவு செய்தார்கள்.

இந்தப் பங்கீட்டுக்குக் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க ஆதாரம் ஒன்று 1877இல் கிடைத்தது. வட இத்தாலியில் பியாசென்சாவுக்கு அருகே கோசொலெங்கோ என்ற ஊரில் நிலத்தை உழுதுகொண்டிருந்த விவசாயி ஒருவரின் ஏரில் ஒரு வெண்கலப் பொருள் தட்டுப்பட்டது. ஆட்டின் ஈரலைப் போல வார்க்கப்பட்ட, 126 மில்லிமீட்டர் நீளமுள்ள மாதிரி அது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியையோ முதல் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது. (எட்ருஸ்கர்களுக்குக் குறிசொல்லும் கலையைக் கற்றுக்கொடுத்த தாகெஸ் என்ற சிறுவனும் தார்க்வினியாவில் உழவுசாலிலிருந்துதான் எழுந்து வந்தான் என்கிறது அவர்களுடைய தொன்மம். தற்செயலான ஒற்றுமைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) ஈரலின் மேற்பரப்பு 40 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் கடவுளரின் பெயர்கள் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன, அடிப்பக்கத்தில் சூரியனின் பெயரும் சந்திரனின் பெயரும் உள்ளன. விளிம்பைச் சுற்றியுள்ள கட்டங்கள் சரியாகப் பதினாறு. அவற்றில் அடுத்தடுத்து மூன்று கட்டங்களில் தினியாவின் பெயர் இருக்கிறது. அதற்கடுத்த கட்டம் உனியுடையது.

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் மார்சியானுஸ் கப்பெல்லா என்ற லத்தீன் எழுத்தாளர், வானத்தின் பதினாறு பகுதிகளிலும் வாழும் கடவுளரைத் திருமண விருந்துக்கு அழைப்பதாக ஒரு கற்பனைக் காட்சியை எழுதினார். அவர் ஜூப்பிட்டருக்குக் கொடுப்பதும் முதல் மூன்று பகுதிகளையே. இரு பட்டியல்களும் கட்டத்துக்குக் கட்டம் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஐந்நூறு ஆண்டு இடைவெளியைத் தாண்டி இவ்வளவு ஒத்துப்போவதே, கப்பெல்லாவின் கையில் பழைய எட்ருஸ்க மரபைச் சேர்ந்த ஏதோ ஒரு நூல் இருந்திருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. பலியிட்ட ஆட்டின் ஈரலைக் கையில் ஏந்திய குறிசொல்பவர், தம்மைச் சுற்றியிருந்த வானத்தையே சிறிய அளவில் ஏந்திக்கொண்டிருந்தார். ஈரலின் எந்தப் பகுதியில் மாசு தெரிந்ததோ அந்தப் பகுதிக்குரிய கடவுள் மனம் கோணியிருக்கிறார் என்று படித்துச் சொன்னார்.

இந்த அறிவு வாய்வழியாக மட்டும் நின்றுவிடவில்லை. இடிகளைப் பற்றியும், ஈரல் பார்ப்பதைப் பற்றியும், சடங்குகளைப் பற்றியும் தனித்தனி நூல்கள் இருந்தன. ஆண்டின் ஒவ்வொரு நாளிலும் இடி இடித்தால் என்ன பலன் என்று சொல்லும் ஒருவகை இடிப் பஞ்சாங்கத்தை, கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த நிகிடியுஸ் ஃபிகுலுஸ் லத்தீனில் தந்தார்; அதன் கிரேக்க வடிவம் கி.பி. ஆறாம் நூற்றாண்டின் பைசாந்திய எழுத்தாளர் ஜான் லிடுஸ் வழியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. விளைச்சல், நோய், உள்நாட்டுக் கலகம், பெண்கள், அடிமைகள் ஆகியோரைப் பற்றிய பலன்களே அதில் அடிக்கடி வருகின்றன. இதையே தொழிலாகச் செய்தவர்களும் இருந்தனர். பெசாரோவில் கிடைத்த, லத்தீனிலும் எட்ருஸ்கனிலும் எழுதப்பட்ட கல்லறைக் கல்வெட்டொன்று, கஃபாத்தியுஸ் என்பவரை ஈரல் பார்ப்பவர், மின்னல் பார்ப்பவர் என்று அறிமுகப்படுத்துகிறது. இடி விழுந்த இடத்தையும் அப்படியே விட்டுவிடுவதில்லை. இடி தாக்கிய மண்ணையும் பொருள்களையும் திரட்டிப் புதைத்து, ஆட்டைப் பலியிட்டு, யாரும் மிதிக்காதபடி சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். கடவுள் தொட்ட இடம் அதன்பின் மனிதருக்குச் சொந்தமாக முடியாது.

வானத்தைப் பங்கிட்ட அதே மனப்பாங்கு நிலத்துக்கும் இறங்கியது. ரோமானிய நில அளவையாளர்களின் தொகுப்பு ஒன்றில், வெகோயா என்ற பெண் தெய்வம் அருன்ஸ் வெல்டும்னுஸ் என்பவருக்கு உரைத்ததாக ஒரு வாக்கு இடம்பெற்றிருக்கிறது. எட்ருஸ்கர்களின் நாடான எட்ருரியாவை ஜூப்பிட்டர் தமக்கு உரியதாக்கிக்கொண்டபோது, மனிதர்களின் பேராசையை அறிந்தவராதலால், வயல்களை அளந்து எல்லைக் கல் நட ஆணையிட்டார் என்றும், அக்கற்களை நகர்த்துகிறவர்களை நோயும் பஞ்சமும் புயலும் தாக்கும் என்றும் அது எச்சரிக்கிறது. அதன் தற்போதைய வடிவம், ரோமில் நிலச் சீர்திருத்தப் பூசல் உச்சத்திலிருந்த கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது என்பது பலருடைய கருத்து. எட்ருஸ்க நிலவுடைமையாளர்களின் அச்சம் அதில் தெளிவாகவே தெரிகிறது. ஆயினும் எல்லைக்கும் தினியாவுக்கும் உள்ள தொடர்பு அந்த அரசியலுக்காகப் புனையப்பட்டதன்று. வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனீசியாவின் மிலியான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எட்ருஸ்கக் குடியேறிகள் நட்ட எல்லைக் கற்களிலும் தினியாவின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. தாய்நாட்டை விட்டு அவ்வளவு தூரம் போனவர்களும், புது நிலத்துக்கு வரப்பு வகுத்தபோது அவரையே சாட்சியாக வைத்தார்கள்.

வானக் கடவுள் என்று சொல்லும்போதே, அவர் வானத்தோடு நின்றவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஒர்வியெத்தோவின் பெல்வெதெரே கோயிலில் கிடைத்த ஒரு கல்வெட்டு 'தினியா கலுஸ்னா' என்று குறிக்கிறது; கலு என்பது மரணத்தோடும் கீழுலகோடும் தொடர்புடைய பெயர். எனவே அக்கோயிலில் அவர் பாதாளத்தின் முகத்தோடு வணங்கப்பட்டார் என்று கருதப்படுகிறது. எட்ருஸ்க நகரங்களின் கூட்டமைப்பு ஆண்டுதோறும் கூடிய புனிதத் தலத்தின் கடவுளான வோல்டும்னாவும் தினியாவின் இன்னொரு வடிவமே என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வோல்டும்னாவின் லத்தீன் வடிவமாகக் கருதப்படும் வெர்தும்னுஸே எட்ருரியாவின் தலைமைக் கடவுள் என்று ரோமானிய அறிஞர் வர்ரோ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது கவர்ச்சியான கருத்துத்தான். உறுதிசெய்யும் கல்வெட்டு இல்லாதவரை அதைக் கருத்தாகவே வைத்துக்கொள்வது நல்லது. 1553இல் அரெத்சோ நகரில் தோண்டியெடுக்கப்பட்டு, எட்ருஸ்க வெண்கலக் கலையின் அடையாளமாகவே ஆகிவிட்ட, சிங்க உடலும் ஆட்டுத் தலையும் பாம்பு வாலும் கொண்ட கைமீராவின் முன்னங்காலிலும், அது தினியாவுக்கு அளித்த காணிக்கை என்ற சொல் இருக்கிறது. அந்த விலங்கைப் பார்க்க ஃபுளோரன்சு அருங்காட்சியகத்துக்கு வரும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த எழுத்துகளைக் கவனிக்கிறார்கள் என்பது ஐயமே.

ரோமுக்கு வந்த ஜூப்பிட்டரிலும் எட்ருஸ்கர்களின் கைவண்ணம் உண்டு. கப்பிட்டோலியக் குன்றின் பெருங்கோயிலைத் தொடங்கியவர்கள் எட்ருஸ்க வழிவந்த தார்க்வின் அரசர்கள். மரபுக் கணக்கின்படி கி.மு. 509இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. சுடுமண்ணாலான மூலவர் சிலையைச் செய்ய வெயி நகரத்துச் சிற்பி வுல்கா அழைக்கப்பட்டதாகப் பிளினி கூறுகிறார். அந்தச் சிலையின் முகத்துக்குச் செந்தூரம் பூசுவது வழக்கம்; வெற்றி விழாவில் தேரேறிய தளபதிகளும் தங்கள் உடலில் செந்தூரம் பூசிக்கொண்டார்கள். ஜூப்பிட்டர், ஜூனோ, மினர்வா என்னும் மூவரையும் சேர்த்து வணங்கியதும் எட்ருஸ்கர் மரபே என்று பழைய உரையாசிரியர் செர்வியுஸ் சொன்னதை நீண்ட காலம் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எட்ருஸ்க நகரங்களில் தினியா, உனி, மென்ர்வா மூவரும் சேர்ந்து வணங்கப்பட்டதற்கு ஐயமற்ற சான்று இல்லை என்பதால், இன்று அந்தக் கூற்று அவ்வளவு எளிதாக ஏற்கப்படுவதில்லை. போலோன்யாவுக்குத் தெற்கே உள்ள மார்சபோத்தோ அகழ்வாய்வில் தினியாவுக்கு ஒரு கோயிலும் உனிக்குத் தனியே ஒரு கோயிலும் வெளிப்பட்டிருப்பது அந்த ஐயத்தை வலுப்படுத்தவே செய்கிறது.

ரோமின் ஆட்சிக்கு உட்பட்ட பிறகும் எட்ருஸ்கக் குறிசொல்பவர்களின் செல்வாக்கு குறையவில்லை. கி.மு. 65இல் கப்பிட்டோலியத்தில் விழுந்த இடி, கடவுளர் சிலைகளைச் சாய்த்துச் சட்டப் பலகைகளை உருக்கியபோது, எட்ருரியா முழுவதிலுமிருந்து அவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். படுகொலையும் உள்நாட்டுப் போரும் நெருங்குகின்றன என்றும், ஜூப்பிட்டருக்கு இன்னும் பெரிய சிலை செய்து கிழக்கு நோக்கி வைத்தால் மறைவான சதிகள் வெளிச்சத்துக்கு வரும் என்றும் அவர்கள் சொன்னார்கள். வேலை இழுத்தடிக்கப்பட்டு, கி.மு. 63இல் ரோமின் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற கத்திலினாவின் சதிகாரர்கள் பிடிபட்ட அதே வேளையில் அச்சிலை நிறுவப்பட்டது. ஆட்சித்தலைவராக இருந்த சிசரோ அந்தப் பொருத்தத்தை மக்கள் முன் ஆற்றிய உரையில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார். குறிசொல்லும் கலையைக் கேள்விக்குள்ளாக்கித் தனி நூலே பின்னர் எழுதியவரும் அவர்தான்.

கி.பி. 47இல் பேரரசர் கிளாடியுஸ், இத்தாலியின் மிகப் பழைய கலை கவனிப்பாரின்றி மறைந்துவிடக் கூடாது என்று செனட்டில் பேசி, குறிசொல்பவர்களின் அமைப்புக்கு அரசு ஆதரவைப் பெற்றுத் தந்தார். 363இல் பேரரசர் ஜூலியன் பாரசீகத்தின்மேல் படையெடுத்துச் சென்றபோது எட்ருஸ்கக் குறிசொல்பவர்கள் தங்கள் நூல்களுடன் உடன் சென்றார்கள்; அவர்களுடைய எச்சரிக்கையை அவர் கேட்கவில்லை. கடைசியாக அவர்களைக் காண்பது 408இல், அலாரிக்கின் கோத்தியப் படை ரோமை முற்றுகையிட்டிருந்தபோது. எட்ருரியாவிலிருந்து வந்த சிலர், நார்னி நகரைத் தாங்கள் வேண்டுதல்களால் இடியையும் மின்னலையும் வரவழைத்துக் காப்பாற்றியதாகவும், ரோமுக்கும் அவ்வாறே செய்யத் தயாராக இருப்பதாகவும் நகர ஆளுநரிடம் கூறினர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் சோசிமுஸ் எழுதுகிறார். போப் இன்னொசென்ட் அதை மறைவாகச் செய்துகொள்ள இசைந்தார் என்றும் அவர் சேர்க்கிறார். கிறித்தவத்தின்மேல் கசப்புக் கொண்ட எழுத்தாளர் என்பதால் அந்தப் பகுதியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சடங்கைப் பொது இடத்தில், செனட் கலந்துகொள்ள, பொதுச் செலவில் செய்தால்தான் பலிக்கும் என்று எட்ருஸ்கர்கள் சொல்ல, முன்வர யாருக்கும் துணிவு வராமல் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலாரிக்குக்கு 5,000 பவுண்டு பொன், 30,000 பவுண்டு வெள்ளி, பட்டு அங்கிகள், செந்நிறத் தோல்கள் ஆகியவற்றோடு, சேர நாட்டுக் கரை வழியாக நெடுங்காலமாக ரோமுக்கு வந்துகொண்டிருந்த மிளகில் 3,000 பவுண்டும் கொடுத்து நகரம் அப்போதைக்குத் தப்பியது.